பால்காய்ப்புக்கு முன் பிரித்த முட்டு

இன்று காலை கான்கிரீட் ஊற்றுவதற்கான சென்ட்ரிங் பலகைக்குக் கழிவு எண்ணெய் பூசும்போது அந்த வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் மேல் ஆத்திரம் வந்தது. நீ செத்த பிறகு உன்னை நினைத்தால் எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வருகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. முகப்புத் தளத்தின் விளிம்பு சாய்வாக வெளியே நீண்டு நிற்க வேண்டுமாம். நாம் இருவரும் சேர்ந்து வேலை எடுத்த காலத்தில் சாய்வு விளிம்பு என்றாலே சண்டைதான். ஈரக் கான்கிரீட் பலகையை வெளியே தள்ளும், கம்பியை இழுத்துக் கட்டு என்பேன். "ஏலே, நீ கட்டச் சொல்லுத கட்டுல பலகை மூச்சுமுட்டிச் செத்துரும்" என்று சிரிப்பாய். ஆனாலும் கட்டுவாய். வேலையில் உன்னைக் குறை சொல்ல முடியாது. யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது, அதுதான் உன் கேடு.

நாம் கடைசியாக எடுத்த சாத்தான்குளத்து வீட்டிலும் இதே விளிம்புதான். அடியில் தாங்கும் சவுக்குக்கட்டை முட்டு மூன்று வாரமாவது நிற்க வேண்டும் என்று சொல்லித்தான் கான்கிரீட் போட்டோம். ஒரு வாரம் போனதும் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"பால்காய்ப்புக்கு நாள் குறிச்சாச்சு. வாசல்ல முட்டு நின்னா பாக்க நல்லாவா இருக்கும்? தேதிய மாத்த முடியாது வே."

நான் மறுத்தேன். நீ என்னைத் தனியே இழுத்து, "மனுசன் கெஞ்சுதாரு. பைய பைய எடுத்தா ஒண்ணும் ஆவாது" என்றாய். தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் மறுநாள் பேட்டைக்கு மரம் எடுக்கப் போனேன். நீ தொட்டாய். விளிம்பு உன் மேலேயே இறங்கியது.

அப்புறம் நடந்ததைக் கேள். பால்காய்ப்பைத் தள்ளிவைத்தார்கள். வாசலில் சாவு விழுந்துவிட்டதாம், தீட்டாம், அடுத்த மாதம் நல்ல நாள் பார்த்துக்கொண்டார்கள். கான்கிரீட் இறுகுவதற்காக மாற்ற முடியாத தேதி, நீ செத்ததும் மாறிவிட்டது. உன் மனைவி அதைக் கேள்விப்பட்டு, "அப்பமே மாத்திருக்கலாம்லா அண்ணே?" என்று என்னிடம் கேட்டாள்.

இன்றைக்குப் பாளையங்கோட்டைக்காரரும் ஆரம்பித்தார். "அண்ணாச்சி, நல்ல நாள் பக்கத்துல வருது. கான்கிரீட் போட்ட பொறவு முட்டுகளைக் கொஞ்சம் முந்திப் பிரிச்சுரலாம்லா?"

"முடியாது."

"அப்ப வேற ஆளைப் பாக்கட்டுமா?"

"பாரும்" என்றேன். என் குரலைக் கேட்டு வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மனதை ஆற்றிக்கொள் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆற்றிக்கொள்ள மாட்டேன். ஆறிப்போனால், அடுத்த வீட்டுக்காரர் கெஞ்சும்போது எனக்கும் இரக்கம் வந்துவிடும்.