ஒரு மணிக்கு வர்ற மெசேஜ்

ஏங்க,

சாப்பாட்டு டப்பாவை உங்க ஷூ பக்கத்துலயே வெச்சிருக்கேன். இன்னிக்காவது எடுத்துட்டுப் போங்க. எட்டரைக்குக் குழாய் ரிப்பேர் பண்றவர் வருவார். அவர் போனதும் பூட்டிட்டு, சாவியை எதிர்வீட்டு அக்காகிட்ட கொடுத்துடுங்க.

நேத்து வேலை முடிஞ்சு வந்து பார்த்தா டப்பா ஃபிரிட்ஜ் மேலயே இருக்கு. மத்தியானம் ஒரு மணிக்கு, "சாப்பிட்டேன்மா, ரொம்ப நல்லா இருந்துச்சு. நீ சாப்பிட்டியா?"ன்னு நீங்க மெசேஜ் அனுப்பியிருந்தீங்க.

அப்புறம், போன வாரம் நீங்க எனக்குக் கொடுத்த உங்க பழைய போன்ல தங்கச்சிக்கு "சாவி"ன்னு எழுதப் போனேன். "சா" அடிச்சதுமே அந்த வரி முழுசா வந்து விழுந்துச்சு. கீபோர்டுல ஷார்ட்கட் போட்டு வெச்சிருக்கீங்க. வேலை மிச்சம்தான், தப்பு சொல்லலை.

தையல் யூனிட்ல ஒரு மணிக்கு மெஷினை நிறுத்தினதும் எல்லாரும் கேன்டீனுக்கு ஓடுவாங்க. நான் மட்டும் அந்த வரி வர்ற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். மூணு வருஷமா.

ஷார்ட்கட்டை நான் அழிக்கலை. உங்களுக்கே தோணணும். இன்னிக்கு "டப்பாவை மறந்துட்டேன்"னு வந்தாக்கூடப் போதும். நீங்களே அடிச்சதா இருக்கணும், அவ்வளவுதான்.

கிளம்பும்போது கொடியில இருக்கிற துணியை உள்ளே போடுங்க.

இன்னொண்ணு. நேத்து டப்பால இருந்ததை நான்தான் சாப்பிட்டேன். ஒரே உப்பு, வாயில வைக்க முடியலை. எத்தனை நாளா இப்படின்னு எனக்குத் தெரியலை.