பஸ் ஏறிய பூனை

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று புதுப் படத்தோடு நேமத்தான்பட்டிக்குப் போனேன். அங்கே பழைய வீட்டை ஓட்டலாக்கி நடத்தும் ஆச்சிதான் என் படங்களை அதிகம் வாங்குகிறவர். லினோ என்ற ரப்பர் மாதிரியான தகட்டில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கும் என் பூனைப் படங்கள் அவர் வீட்டுச் சுவரெல்லாம் தொங்குகின்றன. பணியாரம் திருடும் பூனை, கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பூனை. எனக்குப் பூனை அலுத்துவிட்டது. வேறு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அதனால் இந்தப் படத்தில் பூனையைப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டேன்.

ஆச்சி படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "இவனை ஏன் பஸ் ஏத்தி விட்டீக? இறங்கி வர்றாப்புல மாத்திக் குடுங்க. விருந்தாளிக வந்ததும் பூனையைத்தானே தேடுறாக" என்றார்.

"சரி ஆச்சி" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

வீட்டுக்கு வந்து, இறங்குகிற பூனையை வரைந்து பார்த்தேன். கால் படியில் ஒழுங்காக வந்துவிட்டது. முகம்தான் வரவில்லை. எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அழுகிற மாதிரியே இருக்கிறது.

"வண்டி கிளம்பிப் போயிருச்சு ஆச்சி, இனி நிறுத்த முடியாது" என்று நாளைக்குப் போனில் சொல்ல வேண்டும். சொல்வேனா தெரியவில்லை. அவர் குரலைக் கேட்டாலே என் வாயில் 'சரி'தான் வருகிறது.