லிஸ்டில் நின்ற பதினொரு பேர்

போலீஸ் லைன், மதுரை
2-6-1938

என் அருமைத் தம்பி ஜமீலுக்கு, அக்கா அஜ்மல் பீவி சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் எங்கள் எல்லாருக்கும் உடம்பு சுகம். மனசுக்குத்தான் சுகமில்லை.

நீ சென்னைக் கோட்டையில் டைப் அடிக்கப் போன நாளாக ஊர்ச் சங்கதி ஒன்றும் எழுதவில்லை என்று கோபித்திருந்தாய். இப்போது எழுதுகிறேன். படித்து முடித்ததும் இவள் எழுதாமலே இருந்திருக்கலாம் என்று நினைப்பாய். மகள் சாதிகா ஏழாவது தேறி எட்டுக்குப் போகிறாள். கணக்கில் மட்டும் மாமனைக் கொண்டு பிறந்திருக்கிறாள், இழுபறிதான்.

சித்திரைத் திருவிழாவில் இங்கே ஒரு காரியம் நடந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், அழகர்கோவில் ரோட்டில் ஒரு மண்டபத்தடியில் கூட்டம் நெருக்கி மூங்கில் தடுப்பு முறிந்துவிட்டது. அங்கே காவலுக்கு நின்றவன் நம் ஸ்டேஷன் கான்ஸ்டபிள் சிவனாண்டி. முறிந்த மூங்கிலைத் தோளில் தாங்கிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தன் கைக்கடியில் நுழைந்து போகச் சொல்லியிருக்கிறான். அரைமணி நேரம் அப்படியே நின்றானாம். ஒரு உயிர் போகவில்லை. அவன் கால் எலும்புதான் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனேன். வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. "அம்புட்டுக் கூட்டத்துலயும் ஒரு அம்மா திரும்பி வந்து, கீழ விழுந்த என் தொப்பிய எடுத்துக் குடுத்துட்டுப் போச்சுக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பேர்ப்பட்ட பிள்ளை.

அவன் ஏன் ஒற்றை ஆளாய் நின்றான் என்று நீ கேட்பாய். ஊரே கேட்கிறது. பந்தோபஸ்து லிஸ்டில் அந்த இடத்துக்கு மூன்று பேர். அதில் ஒருவன் மாற்றலாகிப் போய் எட்டு மாதமாகிறது, ஆனாலும் பேர் மட்டும் இங்கே டியூட்டி பார்க்கிறது. இன்னொருவன் நல்லகாமன். அவனை அன்று காலையில் மேலதிகாரி ஒருவரின் பங்களாவுக்கு, வந்திருந்த விருந்தாளிகளுக்கு அழகரைப் பார்க்க இடம் பிடித்துக் கொடுக்க அனுப்பிவிட்டார்கள்.

இது புது வழக்கம் இல்லை, தம்பி. நம் ஸ்டேஷனுக்குச் சர்க்கார் ஒதுக்கியது முப்பது கான்ஸ்டபிள். நிற்பது பத்தொன்பது. ஆறு இடம் காலி. ஐந்து பேர் பங்களாக்களில் மாடு கறப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதுமாய்க் காலம் தள்ளுகிறார்கள். ஆனால் லிஸ்டில் தினமும் முப்பது பேரும் நிற்பார்கள். குறைத்து எழுதினால் ஏன் என்று மேலே கேட்பார்கள். நிறைத்து எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த லிஸ்டை எட்டு வருஷமாய் எழுதுகிற ரைட்டர் ஹெட்கான்ஸ்டபிள் யார் என்று உனக்குத் தெரியும். உன் மச்சான் சேக் மைதீன் கையெழுத்தை மெச்சாத அதிகாரி இல்லை. நானும் மெச்சியவள்தான்.

இப்போது அந்தக் கையெழுத்து நல்லகாமன் கழுத்தைப் பிடித்திருக்கிறது. லிஸ்டில் பேர் இருந்தும் இடத்தில் ஆள் இல்லை, கூட்டத்தைக் கண்டு பயந்து ஓடிவிட்டான் என்று குற்றம் எழுதி அவனை சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். பங்களாவுக்கு அனுப்பியவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவன் பெண்சாதி முத்துத்தாய், மூன்று மாதப் பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "ஏட்டய்யா எழுதுன லிஸ்டுதானேக்கா. அவுகளே இல்லைன்னு ஒரு வரி எழுதிட்டா எங்க வீட்டுக்காரரு பிழைச்சிக்கிருவாரு" என்றாள். நான் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை எழுதினால் எட்டு வருஷத்து லிஸ்டும் பொய் என்று இவர் தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். வேலையே போனாலும் போகும்.

இந்த நேரம் பார்த்து உங்கள் கோட்டையிலிருந்தே கேள்வி வந்திருக்கிறது. திருவிழா விபத்தைப் பத்திரிகையில் படித்த சட்டசபை மெம்பர் ஒருவர் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். இந்த ஸ்டேஷனில் ஒதுக்கிய ஆள் எத்தனை, உண்மையில் வேலை பார்ப்பவர் எத்தனை? டெலிபோன் உண்டா, அது பேசுகிறதா? லைன் வீடுகள் குடியிருக்க லாயக்கானவையா? பதினைந்து நாளில் பதில் போகவேண்டும். போன வருஷமும் இதேபோல ஒரு விவரம் கேட்டார்கள். "போதுமான ஆட்கள் உள்ளனர்" என்று அழகாய் எழுதி அனுப்பியவர் உன் மச்சான். அதையே பார்த்து இப்போதும் எழுதிவிடு என்கிறார்கள்.

மூன்று நாளாய் அவர் சரியாய்ச் சாப்பிடவில்லை. நேற்றுத்தான் வாய் திறந்தார். "நாம இம்புட்டு நாளா நிறைச்சு நிறைச்சு எழுதுனதாலதான் ஆளே வரல, அஜ்மலு. சர்க்காருக்கு எப்படித் தெரியும்?" என்றார். உள்ளதை எழுதிவிடப் போகிறார் என்று தெரிந்துதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

அவருக்குத் தெரியாமல் கேட்கிறேன். அந்தக் கேள்வித்தாளை உங்கள் ஆபீசிலேயே யார் காலையாவது பிடித்து அடியில் போட்டு வைக்க முடியாதா? சாதிகா இன்னும் மூன்று வருஷம் படித்து முடிக்கட்டும். அல்லாஹ் உனக்கு நல்வழி காட்டட்டும்.

உன் அக்கா,
அஜ்மல் பீவி


போலீஸ் லைன், மதுரை
24-6-1938

தம்பி ஜமீலுக்கு அக்காவின் சலாமும் துஆவும்.

முதல் காரியமாக, நான் முன்பு எழுதிய கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. நீ பதில் எழுதாமல் இருந்தது எனக்குப் பெரிய உபகாரம். யார் காலையாவது பிடித்திருந்தால் விட்டுவிடு.

உன் மச்சான் எழுதிவிட்டார். எழுதுவதற்கு முன் நாலு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரே சுற்றினார். எந்தப் பங்களாவில் எந்தக் கான்ஸ்டபிள் என்ன வேலை பார்க்கிறான் என்று கண்ணால் பார்த்து, நம்பரோடு குறித்துக்கொண்டார். வில்லாபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நம் ஆள், இவரைக் கண்டதும் மண்வெட்டியைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு சலாம் வைத்தானாம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

டெலிபோன் கேள்விக்கு, "டெலிபோன் உண்டு. போன தீபாவளியிலிருந்து பேசவில்லை. விபத்து நாளில் சேதி சொல்ல ஆள் ஓடியே வந்தான்" என்று எழுதினார்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் நான் கொடுத்தது. இதை நீ உன் சிநேகிதர்களிடம் தாராளமாய்ச் சொல்லிக்கொள்ளலாம். லைன் வீடுகளில் எத்தனை ஒழுகும் என்று என்னிடம் கேட்டார். வாயால் சொன்னால் மிகைப்படுத்துகிறாள் என்பார்கள், மழை வரட்டும் என்றேன். பதினான்காம் தேதி நல்ல மழை பெய்தது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் போய், ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த பாத்திரங்களை எண்ணினேன். இருபத்துநாலு வீட்டில் பதினேழு வீட்டில் அண்டாவும் சருவச்சட்டியுமாய்ப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளைத் தொட்டிலுக்கு மேலே குடையை விரித்துக் கட்டியிருந்தார்கள். "இருபத்துநாலில் பதினேழு" என்று அப்படியே எழுதிக்கொண்டார். என்னை எதற்கும் கேட்காத மனுஷர், தம்பி.

அதன் பிறகு தனியாய் ஒரு தாள் எடுத்து இப்படி எழுதினார்: திருவிழா லிஸ்டையும், எட்டு வருஷத்து லிஸ்டுகளையும் நிறைத்து எழுதியது நான்தான். முப்பது பேரில் பதினொரு பேர் என்றைக்கும் நிற்கவில்லை. நல்லகாமன் அன்று இன்ன பங்களாவுக்கு இன்ன வேலைக்கு அனுப்பப்பட்டான், அவன் ஓடவில்லை. போன வருஷம் நான் தயாரித்த பதிலும் தவறு. இவ்வளவும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். ஒரு அடித்தல் இல்லை, ஒரு சொட்டு மை சிந்தவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் அதை வாசித்துவிட்டு, "ஏட்டய்யா, இத மேல அனுப்புனா முதல்ல உம்ம ஏட்டுப் பட்டையத்தான் உருவுவாங்க, தெரியும்ல?" என்று கேட்டாராம். "தெரியும் சார். நல்லகாமனுக்கு உருவுறதுக்குப் பட்டைகூட இல்லையே" என்றாராம் இவர். சப்-இன்ஸ்பெக்டர் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். அந்த மனுஷருக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. அவருக்காகவும் துஆ செய்தேன்.

அன்று இவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவருக்கு இப்போதுதானா நாக்கு முளைக்கவேண்டும் என்று கேட்டுவிட்டேன். ஆமாம், அதுதான் தப்பு என்றார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு, சோற்றைப் போட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டார்.

இப்போது உன்னிடம் நான் கேட்பது வேறு. அந்தக் காகிதம் மதுரையிலிருந்து உங்கள் கோட்டைக்கு வருவதற்குள் எத்தனையோ மேஜை ஏறி இறங்கவேண்டும். பத்தொன்பது மறுபடி முப்பது ஆகிவிட்டால், நல்லகாமனும் பிழைக்கமாட்டான், இவர் மட்டும் பொய்யர் என்று பேர் வாங்கிப் போவார். பதில் வாசிக்கிற நாள் தெரிந்தால், எப்படியாவது பாஸ் வாங்கிக்கொண்டு சட்டசபையில் போய் உட்கார். பத்தொன்பது என்று சொல்கிறார்களா என்று உன் காதால் கேட்டு எழுது.

உன் அக்கா,
அஜ்மல் பீவி


போலீஸ் லைன், மதுரை
11-9-1938

என் கண்ணான தம்பி ஜமீலுக்கு அக்காவின் சலாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உன் கடிதத்தை லைனில் பதினைந்து பேருக்காவது வாசித்துக் காட்டியிருப்பேன். நம் ஸ்டேஷன் பேர் வந்ததும் நீ எழுந்து நின்றுவிட்டாய் என்றும், காவல்காரன் வந்து தோளை அமுக்கி உட்கார வைத்தான் என்றும் வாசித்தபோது பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "ஒதுக்கியது முப்பது, உள்ளது பத்தொன்பது" என்று நீ எழுதிய இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சர்க்கார் முன்பு பெற்ற விவரம் தவறு, அதற்குச் சர்க்காரே பொறுப்பு என்று எத்தனையோ பேர் நடுவில் எழுந்து சொன்னாராமே, பதில் வாசித்தவர். அவர் யாரோ எவரோ, நல்ல தாய் பெற்ற பிள்ளை. இருபத்துநாலில் பதினேழு என்று என் பாத்திரங்கள்கூட சட்டசபைக்குப் போய்விட்டன. அவற்றை இப்போது இரண்டு தரம் புளி போட்டுத் துலக்குகிறேன்.

இங்கே நடந்ததையும் கேள். பங்களாக்களில் இருந்த ஐந்து பேரும் மறுவாரமே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார்கள். காலி இடத்துக்கு நாலு பேர் புதிதாய் வந்தார்கள், இரண்டு பேர் வரவேண்டும். டெலிபோன் பேசுகிறது. அது அடிக்கும்போதெல்லாம் புதுப் பையன்கள் எடுக்கப் பயந்து ஒருத்தனை ஒருத்தன் தள்ளிவிடுகிறார்களாம். கூரை ஓடுகளை மாற்ற ஆட்கள் வந்து ஏணி போட்டிருக்கிறார்கள். சிவனாண்டி கம்பு ஊன்றி நடக்கிறான். உட்கார்ந்து பார்க்கிற வேலையாய் அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நல்லகாமனுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. குற்றம் இல்லை என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். முத்துத்தாய் பிள்ளையைக் கொண்டுவந்து உன் மச்சான் மடியில் வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள். பிள்ளை அவர் சட்டையை நனைத்துவிட்டது. அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

உன் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். விசாரணை நடந்தது. பொய் லிஸ்டு எழுதியதற்காக ஹெட்கான்ஸ்டபிள் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். தாமாகவே ஒப்புக்கொண்டதால் வேலையிலிருந்து நீக்கவில்லை, ஊரும் மாற்றவில்லை. சாதிகா அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள். இரண்டு அறை வீட்டைவிட்டு ஒற்றை அறை வீட்டுக்கு வந்துவிட்டோம். நல்லகாமனும் சிவனாண்டியும் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் சுமந்து வந்து வைத்தார்கள். சிவனாண்டி, வேண்டாம் என்றாலும் கேட்காமல், ஒரு கையில் கம்பும் மறுகையில் என் அம்மிக்குழவியுமாய் வந்தான்.

ஆட்களைப் பங்களாவில் வைத்து வேலை வாங்கியவர்களுக்கு ஒரு விளக்கம் கேட்டுக் காகிதம் போயிருக்கிறதாம், அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிகிறது. உன் மச்சானுக்கு எரியவில்லை. நான் செய்த தப்புக்கு என்னைக் கேட்டார்கள், அவர்கள் தப்புக்கு அவர்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள், இனிமேல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்கிறார். இப்போது அவரும் நாற்சந்தியில் வெயிலில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டுகிறார். நாற்பத்தாறு வயதில். போன வெள்ளிக்கிழமை குடையைக் கொடுக்கிற சாக்கில் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். நிமிர்ந்துதான் நிற்கிறார், தம்பி. ஹெட்கான்ஸ்டபிளாய் இருந்தபோதுகூட அப்படி நின்றதில்லை.

ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்கவேண்டும். தபால்காரர் மேல்விலாசத்தை உரக்க வாசித்துத்தான் கொடுப்பார். உன் போன கடிதத்தில் பழைய வழக்கப்படி "ஹெட்கான்ஸ்டபிள் சேக் மைதீன்" என்று எழுதியிருந்தாய். இவர் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். கவரைப் பிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, "ஹெட்" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நேர்கோடாய் அடித்துவிட்டு, மை காய்ந்த பிறகுதான் பிரித்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. இனி கான்ஸ்டபிள் என்றே எழுது, ராசா. அந்தச் சொல்லை அவர் கையால் இன்னொரு தரம் அடிக்க விட்டுவிடாதே.

உன் அக்கா,
அஜ்மல் பீவி