மூத்தாள் வைத்த பிச்சிக்கொடி

முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத என் அக்காவுக்கு,

உங்கள் பிச்சி பூத்துவிட்டது. மற்றதெல்லாம் பிறகு. இதைக் கேட்காமல் உங்களுக்கு அங்கே இருப்புக்கொள்ளாது. சொல்லாமல் எனக்கு இங்கே சோறு இறங்காது. இன்று காலை கிணற்றடியில் நின்று அழுதேன், சிரித்தேன், இடுப்புக் குடம் சரிந்து சேலையெல்லாம் நனைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அப்பாடா, அக்கா! இப்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியாமல் இராது. வாந்திபேதியில் நீங்கள் போன மறுவருஷம் இந்த வீட்டுக்கு இளையாளாக வந்த களக்காட்டுக்காரி. தாலி கட்டும்போது உங்கள் நினைவாக ஒரு சின்னப் பொன் உருவையும் சேர்த்தே என் கழுத்தில் கட்டினார்கள். அதனால் நான் அடுப்படிக்குப் போனாலும் ஆற்றுக்குப் போனாலும் நீங்களும் கூடவே வந்தீர்கள். சண்டை போடவும் வழியில்லை, சமாதானம் பேசவும் வழியில்லை.

உங்கள் மகள் ஆவுடையோ என்னை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் "இந்தா" என்பாள். தலை பின்னிக்கொள்ள அடுத்த வீட்டுக்குப் போவாள். நான் சீப்பை எடுத்தாலே ஓட்டம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உங்கள் பிச்சிப் பந்தலடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்தப் பந்தல் இருந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நீங்கள் போனதும் அத்தை உத்தரவு போட்டிருந்தார்கள். "வாழ்வரசியா, பூவும் பொட்டுமாப் போனவ வச்ச கொடி. அவ அதுலதான் இருக்கா. ஒருத்தரும் அருவா வைக்கப்பிடாது." மரியாதைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெட்டாத பிச்சி என்ன ஆகும்? கொடியெல்லாம் விறகாகி, ஒன்றோடொன்று சிக்கி, உள்ளே காற்றும் இல்லை வெயிலும் இல்லை. உங்கள் திதிக்குப் புதுச்சேலை வைத்து, இந்தக் கொடிப் பூவைச் சாத்துவதுதானே வழக்கம்? வருஷத்துக்கு வருஷம் பூ குறைந்துகொண்டே வந்தது. போன திதிக்கு ஒரு மொட்டுகூட இல்லை. கடைத்தெருவில் வாங்கிவந்து சாத்தினோம்.

"கோவிச்சிட்டா" என்றார்கள் அத்தை. அவ்வளவுதான், கூடத்தில் இருந்த கண்ணெல்லாம் என்மேல் திரும்பியது. ஆவுடையும் பார்த்தாள். அந்தப் பார்வை இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை அக்கா.

என் அப்பா கோவில் நந்தவனம் பார்த்தவர். பிச்சி வெட்ட வெட்டத்தான் தளிர்க்கும், தளிரில்தான் பூக்கும் என்பது எங்கள் வீட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மூத்தாள் கொடியை இளையாள் வெட்டச் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் பந்தல் கால் முறிந்து கொடி கிணற்றுச் சுவர்மேல் சாய்ந்த அன்றுதான் வாயைத் திறந்தேன். "இத வெட்டாட்டா செத்துப்போகும் அத்தை." அத்தை மூக்கைச் சிந்தினார்கள். நம் வீட்டுக்காரர் இருக்கிறாரே, "அம்மை சொல்லுததும் ஞாயந்தான், நீ சொல்லுததும் ஞாயந்தான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தாலுகா கச்சேரி வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். உங்களிடமும் இப்படித்தானா?

கடைசியில் உங்களிடமே கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைச் சம்பங்கியை ஓர் இலையிலும் சிவப்புச் செம்பருத்தியை ஓர் இலையிலும் அத்தையே பொட்டலம் கட்டி உங்கள் சேலைக்கு முன்னால் வைத்தார்கள். வெள்ளை வந்தால் வெட்டலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சே கூடாது. எடுக்க வேண்டியவள் ஆவுடை. அவள் இரண்டு பொட்டலத்தையும் கையில் ஏந்தி, முகத்தோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். ஒன்றை நீட்டினாள். பிரித்தால், சம்பங்கி!

தை பிறந்ததும் அரிவாளை எடுத்தேன். காய்ந்ததையெல்லாம் அரிந்து தள்ளி உள்ளே போனால், அடித்தண்டில் பழைய வெட்டுத் தழும்புகள். நன்றாக ஆறிப்போன தழும்புகள். ஆண்டுதோறும் யாரோ பதமாக வெட்டியிருக்கிறார்கள். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, தடவிப் பார்த்து, "கொல்லைப்பக்கம் அவ என்ன செஞ்சான்னு நான் எங்கன கண்டேன்?" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அதன்பிறகுதான் பெரும்பாடு. முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் குச்சிகள் நின்றன. தண்ணீர் எடுக்க வருகிறவளெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். பட்டுப்போனால் மூத்தாளை இரண்டாம் தடவை சாகடித்தவள் என்ற பேர் எனக்கு. ஆவுடை என் முகத்தில் விழிப்பாளா? எரு வைத்தேன், தண்ணீர் விட்டேன், உங்களைக் கெஞ்சினேன், உங்களை வையவும் செய்தேன். மாசியில் கணுக்கணுவாகத் தளிர் வெடித்தது. சித்திரை வந்து இன்று பூ.

பறித்துக்கொண்டிருந்தபோது ஆவுடை பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு நான் மோந்து பாத்துத்தான் எடுத்தேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்ட்டி?"

"செம்பருத்திக்குத்தான் வாசமே கெடையாதே. அம்மை தையில கொடிய வெட்டுததை நான் பாத்திருக்கேன். ஆச்சிட்ட சொன்னேன். சின்னப்பிள்ளை பேச்ச யாரு கேக்கா?"

கள்ளி! உங்கள் கள்ளி, அக்கா. நான் பயந்து செத்த நாளெல்லாம் என் பக்கம் நின்றிருக்கிறாள், மூச்சுக்கூட விடாமல். முதல் சரத்தை உங்களுக்குச் சாத்திவிட்டுத் திரும்பினால், கையில் சீப்போடு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னலை இறுக்கினேன்போலும்.

"பைய பின்னு, சித்தி" என்றாள்.

பூவுக்கு அழுதேன் என்றா நினைத்தீர்கள்? பின்னி முடித்துக் குடத்தோடு கிணற்றடிக்குப் போய் நின்று அழுதது இதற்குத்தான் அக்கா.

இனி ஒவ்வொரு தையிலும் வெட்டுவேன், நீங்கள் வெட்டிய அதே பதத்தில். ஆவுடை புருஷன் வீடு போகும்போது இந்தக் கொடியில் ஒரு பதியன் போட்டுக் கொடுத்தனுப்புவேன். கூடவே அந்த அரிவாளையும். இது சத்தியம்.

உங்கள் தங்கை,
ஆவுடையின் சித்தி,
உலகம்மை