உனக்கு எப்படி, ரிஸ்மியா?

தோஹா
12.03.2016

அன்புத் தங்கச்சி ரிஸ்மியாவுக்கு நானாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே சிங்கம் மாதிரி இருக்கிறேன். கண்டக்குழியில் நீயும் மகன் அஸீமும் சுகம்தானே? போனில் கேட்டால் "ஓம், நல்லம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவில் ஊருக்கு வரும் ஜவ்பரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் கடை முழுக்க என் பொறுப்பில்தான். போன வெள்ளி அங்கே அஸீமின் வயதில் ஒரு அரபிப் பிள்ளை தரையில் படுத்து, காதைப் பொத்திக்கொண்டு அலறியது. இருநூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். நம் அஸீமுக்கு இருக்கும் அதே ஓட்டிசம் என்று எந்த டாக்டருக்கும் முந்தியே நான் கண்டுபிடித்தேன். இரைந்துகொண்டிருந்த என் தரை கழுவும் மெஷினை நிறுத்தி, கூட்டத்தை விரட்டினேன். தாய்க்குக் கதிரை போட்டு, என் தங்கமான அரபியில், "உங்களுக்கு எப்படி, சகோதரி?" என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

"ஏழு வருஷத்தில என்னைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

தங்கச்சி, நானும் உன்னைக் கேட்டதில்லை. வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தில் நீ வெளியே போனதால்தான் அஸீம் இப்படி என்று ஊரெல்லாம் கதைத்தவனும் நான்தான். அது முழுப்பொய். மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டிலிருந்து மெய்மூனா மச்சி வந்து அஸீமைப் பார்த்துக்கொள்வாள், சொல்லிவிட்டேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. ஜவ்பர் திரும்பும்போது கொஞ்சம் மாசிச் சம்பல் கொடுத்துவிடு. தனியே சாப்பிடச் சோறு இறங்குவதில்லை.

வேலை பஸ் வந்துவிட்டது. பதிலில் மகனைப் பற்றிக் கடைசியில் எழுது. முதல் பக்கம் முழுக்க நீதான் இருக்க வேண்டும்.

உன் நானா,
ரஸீன்