வெட்டுவதற்கு முன் போடும் குறி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்டால் உடம்பைப் பற்றி மட்டும் பதில் எழுதுவாய் என்று தெரியும், அதனால் மனசைப் பற்றியும் சேர்த்தே கேட்கிறேன். உன் செய்தி நேற்றுக் காலை நான் பத்திரிகை அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வந்தது, ஒரு செருப்பை மாட்டியபடி வாசலிலேயே நின்று மூன்று தடவை படித்தேன். உடனே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ குறுக்கே ஏதாவது சொல்வாய், உன் குரல் கொஞ்சம் கம்மினாலும் நான் இளகிவிடுவேன், பிறகு சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இன்றே அனுப்புவேன், காகிதம் பார்சலில் பின்னால் வரும்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் இடது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டது. வரும் இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன் என்று குறித்திருக்கிறார்கள், நீ அப்போது இங்கே இருப்பாய் என்று கணக்குப் பண்ணி அவர்தான் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கினார். தையல் மிஷினை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறோம். உன் தங்கை காலையில் கல்லூரிக்குப் போகும் முன் பத்து ஊசியில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போகிறாள், மத்தியானத்துக்குள் பத்தும் தீர்ந்தால் அப்பா கால்சட்டைக்கு மடிப்புத் தைப்பதை விட்டுவிட்டுத் துணி வெட்ட உட்கார்ந்துவிடுவார். உன் அறைக்கு அவரே வெள்ளையடித்தார். அலமாரிக்கு மேலே முழம் அகலத்துக்கு ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது, அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் டாக்டர் பையன் எப்போது வருகிறான் என்று கேட்டால் அப்பா வழக்கம்போல, "டாக்டர் இல்லப்பா, ஃபோட்டோகிராபர். உள்ள இருக்கறதைத்தான் எடுப்பான், சிரிக்கச் சொல்ல மாட்டான்" என்கிறார். இரண்டு வருஷமாக ஒரே ஜோக், அவரும் சிரிக்கிறார், எலக்ட்ரீஷியனும் சிரிக்கிறார்.

இப்போது உன் விஷயம். நீ எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி வரிசையாகச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. எக்ஸ்ரே எடுக்கிற ஒவ்வொருவருக்கும் வலது, இடது என்று இரண்டு ஈய எழுத்துகள் சொந்தமாக உண்டு, படம் எடுக்கும் முன் அவற்றில் உரியதை உடம்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், அதுவும் படத்திலேயே விழும். உன்னுடைய இடது எழுத்து கோட்டுப் பையோடு சலவைக்குப் போய்த் தொலைந்துவிட்டது. புதிது வாங்காமல் இரண்டு வாரம், வலது, இடது இரண்டுக்குமே படத்தை எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் எழுத்தைச் சேர்த்து ஒப்பேற்றியிருக்கிறாய். போன வியாழக்கிழமை ஒரு வயதான அம்மாளுக்கு முழங்கால் படம் எடுத்து வலது என்று போட்டாய். மறுநாள் அது இடது அல்லவா என்று தோன்றி, படத்தைத் திருப்பி எழுத்தையும் மாற்றிவிட்டாய். அதற்கு முன்பே உன் மேற்பார்வையாளர் உன் பயிற்சிக் குறிப்பேட்டில் அந்தப் பகுதியில் நீ தேறிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சொன்னால் கையெழுத்து ரத்தாகும், ஆறு வாரப் பயிற்சியை விடுமுறையில் மறுபடி செய்ய வேண்டும், ஊருக்கு வர முடியாது. யாருக்கும் நஷ்டமில்லையே அம்மா, சொல்லாமல் விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய்.

நீ இதைக் கேட்டிருக்கும் நேரம் வேடிக்கையானது. போன வாரம்தான் எங்கள் பத்திரிகை ஆசிரியர் என்னை இங்கே புதிதாகத் தொடங்கியிருக்கும் கல்லூரிக்கு அனுப்பினார். கண் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற ஆப்டோமெட்ரிக்கும், நீ படிக்கிற மெடிக்கல் இமேஜிங்குக்கும் பட்டப்படிப்பு ஆரம்பித்திருக்கிறார்கள், மாணவர்கள் நான்கு வருஷத்தில் என்ன கற்க வேண்டும் என்று இலக்குகள் எழுதுகிறார்கள், அதைப் பற்றி அரைப்பக்கம் வேண்டுமாம். போரடிக்கும் வேலை என்றுதான் போனேன். துறைத்தலைவியான அம்மையார் ஒரு நீள மேஜை முழுக்கத் தாள்களைப் பரப்பி வைத்துச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தார். எந்தத் தாளைப் பார்த்தாலும் புரிந்துகொள்வார், அறிந்திருப்பார், உணர்ந்திருப்பார் என்று எழுதியிருந்த இடமெல்லாம் அடி. ஏன் என்று கேட்டேன். "புரிஞ்சுக்கிட்டானான்னு நான் எப்படிம்மா பாக்கறது, மண்டையைத் திறந்தா? கையால செய்யறதை எழுதணும், வாயால சொல்றதை எழுதணும்" என்றார். அதற்குப் பதில் அவர் எழுதியிருந்ததைக் குறித்துக்கொண்டு வந்தேன். மாணவர் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் நோயாளியின் வாயாலேயே சொல்லக் கேட்பார். வயிற்றில் குழந்தை இருக்கலாமா என்று படமெடுக்கும் முன் கேட்பார், கூச்சப்பட்டுத் தவிர்க்க மாட்டார். பார்வை குறைந்திருப்பதைக் கண்ணாடியால் சரிசெய்ய முடியாது என்று தெரிந்தால் கண்ணாடி எழுதித் தராமல் மருத்துவரிடம் அனுப்புவார். இப்படி ஆப்டோமெட்ரிக்கு இரண்டு பக்கம், இமேஜிங்குக்கு இரண்டரைப் பக்கம். எல்லாம் வேறு வேறு, ஒன்றே ஒன்று மட்டும் இரண்டு பட்டியலிலும் ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. தன் தவறைத் தானே, பிறர் கேட்கும் முன், உரியவரிடம் சொல்வார். இதற்கு எப்படிப் பரீட்சை வைப்பீர்கள் என்று மடக்கினேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "இதுக்கு மட்டும் தேதி போட முடியாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள் தானா வரும், அன்னிக்குப் பக்கத்துல நான் இருக்க மாட்டேன்" என்றார்.

அன்றே ஒருத்திக்கு அந்த நாள் வந்ததை நான் பார்த்தேன், உனக்காகச் சொல்கிறேன். பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்று ஆப்டோமெட்ரி மாணவி ஒருத்தி என்னை உட்காரவைத்துக் கண் சோதித்தாள். உன் தங்கை வயதுதான் இருக்கும், கனமான சோதனைக் கண்ணாடியை என் மூக்கில் மாட்டி, இது தெளிவா, அது தெளிவா என்று இருபது தடவை கேட்டாள், எதையும் தெரியும் என்று சொன்னால் நான் பொய் சொல்வதாக நினைத்து மறுபடி கேட்டாள். மேற்பார்வையாளர் தாளைப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் கேட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்கே போய்விட்டேன். பின்னால் ஓடி வந்தாள், கையில் அந்தச் சோதனைக் கண்ணாடி அப்படியே இருந்தது. "அம்மா, நில்லுங்க. உங்க வலது கண்ணு அளவை இடது பக்கத்துல எழுதிட்டேன். எதிர்ல உக்காந்து பாத்ததுல என் கைப்பக்கத்தை வச்சு எழுதிட்டேன்" என்றாள். திரும்பிப் போனோம், மேற்பார்வையாளரிடம் அவளே சொன்னாள். அவர் திட்டவில்லை, கையெழுத்தை அடித்துவிட்டு இன்னும் பத்துப் பேருக்குப் பார்த்துவிட்டு வா என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்து அந்தப் பத்தில் ஒருவராக வருகிறீர்களா என்று கேட்டாள். அடுத்த புதன்கிழமை போகிறேன்.

இதைச் சொல்லி உனக்குப் பாடம் நடத்தினால் நீ கண்ணை உருட்டுவாய், ஆகவே அதை விடு. நான் கேட்க நினைப்பது வேறு. நீ மாற்றிய எழுத்து சரியானது என்று உனக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமை நீ பதினோரு பேருக்குப் படமெடுத்ததாக எழுதியிருக்கிறாய். அந்த அம்மாளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி என்றும் எழுதியிருக்கிறாய். மறுநாள் உனக்கு இடது என்று "தோன்றியது" என்றுதான் எழுதியிருக்கிறாயே தவிர, மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்தேன் என்றோ, அந்த அம்மாளைக் கேட்டேன் என்றோ ஒரு வரிகூட இல்லை. முதலில் போட்டதே சரியாக இருந்து, நீ திருத்தியதுதான் தப்பாக இருந்தால்? எலும்பை வைத்தே பக்கம் சொல்லிவிடலாம் என்று நீ வாதாடுவாய் என்று நினைத்து, நேற்று அந்தத் துறைத்தலைவி அம்மையாருக்கு ஃபோன் செய்து பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் படம் திரும்பிவிடும், ஒரு தடவை திருப்பிய படத்தை நம்பிப் பக்கம் சொல்ல முடியாது, சந்தேகம் வந்தால் நோயாளியைத் திரும்ப அழைப்பதுதான் வழி என்றார். ஃபோனை வைப்பதற்கு முன், "யாரோட பையன்னு நான் கேக்கலம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் வரும் திங்கட்கிழமை எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தப் படத்தை வைத்துத்தான் அவர் எந்தக் காலைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்வார். உன் கையெழுத்து, உன் விடுமுறை எல்லாம் அப்புறம், திங்கட்கிழமைக்கு முன் அந்த அம்மாளைக் கூப்பிட வேண்டும். நீ வாயைத் திறக்காமல் அது நடக்காது.

நானும் யோக்கியம் பேசவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் நான் எழுதிய செய்திகளுக்கு எத்தனையோ திருத்தம் போட்டிருக்கிறேன், போட்ட திருத்தம் ஒன்றுகூட இப்போது ஞாபகமில்லை. போடாமல் விட்டவை இரண்டு. இரண்டும் தேதி, பக்கம், பத்தியோடு ஞாபகமிருக்கிறது.

அப்பாவிடம் நேற்று மறைத்துவைத்தேன், இன்று காலை சொல்லிவிட்டேன். ஒரு சட்டைக்கு முன்பக்கம் வெட்டிக்கொண்டிருந்தார், முழுவதையும் கேட்டுக்கொண்டே வெட்டி முடித்தார். அப்புறம் சாக்பீஸைக் காட்டி, "துணியில குறி வெட்டறதுக்கு முன்னாடி போடறேனா, வெட்டினதுக்கு அப்புறம் போடறேனா? அவன்கிட்ட கேளு" என்றார். நான், அவன் வராவிட்டால் உங்கள் ஆபரேஷன் என்று இழுத்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு இந்தக் கண்ணு. அங்க ஒருத்தன் மாத்திக் குறி போட்டுட்டு, லீவு போயிடும்னு சும்மா இருந்தா என்னடி பண்ணுவே?" என்றார். கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, "அவன் டிக்கெட்டைக் குடு, தேதியை மாத்திட்டு வரேன்" என்றார்.

மாற்றிவிட்டு வந்துவிட்டார். உன் பயணம் இப்போது விடுமுறை முடிந்து நான்காவது மாதம், ஆறாம் தேதி. நீ சொல்லப்போகிறாயா இல்லையா என்று நாங்கள் காத்திருக்கவில்லை, சொல்லிவிடுவாய் என்று வைத்துத்தான் மாற்றினோம். ஆபரேஷன் இருபத்திரண்டாம் தேதியே நடக்கும், நானும் தங்கையும் கூடப் போகிறோம். நெற்றியில் அம்புக்குறி போட்டுத்தான் உள்ளே அழைத்துப் போவார்களாம், போடுகிற நர்ஸிடம் மூன்று தடவை கேட்பேன் என்று அப்பா இப்போதே மிரட்டிக்கொண்டிருக்கிறார். நீ வரும்போது இரண்டு கண்ணாலும் உன்னைப் பார்ப்பார், அலமாரிக்கு மேலே விட்டுப்போன இடத்தையும் பார்த்துவிடுவார், அதற்கு யாரிடம் திட்டு வாங்குவது என்று தங்கை இப்போதே கவலைப்படுகிறாள்.

நாளைக் காலை பணி தொடங்கும் முன்பே போய்ச் சொல். எழுத்து தொலைந்ததிலிருந்து ஆரம்பி, வியாழக்கிழமையிலிருந்து அல்ல, அந்த இரண்டு வாரமும் சேர்ந்ததுதான் தப்பு. மற்றப் படங்களையும் சரிபார்க்கச் சொன்னால் முகம் சுளிக்காதே. அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க உன்னை அனுமதித்தால் நேரில் கேள், மறுபடி படமெடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நீயே சொல். ஆறு வாரம் மறுபடி செய்வதில் அவமானம் ஒன்றுமில்லை. பட்டியலில் இருந்த மற்ற இலக்குகளை உன் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேளாவேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. உனக்கு நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் கூடவே இருக்கட்டும், உன் கை பட்டவர்கள் எல்லோரும் நலமாக எழுந்து போகட்டும்.

பார்சலில் ஒரு சிறு துணிப்பை இருக்கும், அப்பா இன்று மத்தியானம் தைத்தது. புது எழுத்து ஜோடி வாங்கியதும் அதில் போட்டுக் கோட்டின் உட்பக்கம் ஊக்கால் குத்திக்கொள், சலவைக்குப் போடும் முன் எடுத்துவிடு. இரண்டு அறை வைத்திருக்கிறார், தையல் கொஞ்சம் கோணல்தான், கண் அவ்வளவுதான் ஒத்துழைத்தது. ஒன்று காலியாக இருந்தால் கை வைத்ததுமே தெரியுமாம்.

உன் பதிலுக்காக அல்ல, நீ சொல்லிவிட்ட செய்திக்காகக் காத்திருக்கும்,
அம்மா