துண்டு மட்டும் வந்த பேருந்து

இன்று காலை ஓசூர் நிலையத்தில், கிருஷ்ணகிரி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து ஓர் ஈரத் துண்டு பறந்து வந்து என் மடியில் விழுந்தது. பின்னாலேயே ஒரு குரல்.

"சார், அது நம்ம சீட்டுங்க."

"நான் உக்காந்திருக்கேனே தம்பி."

"துண்டு போட்டாச்சுங்களே!"

எழுந்து இடம் கொடுத்துவிட்டேன். இந்தச் சட்டத்தை உன்னிடம் பயின்றவன் நான். மேல்முறையீடு கிடையாது என்று தெரியும்.

போச்சம்பள்ளியில் சந்தை கூடும் நாளில், நாம் பள்ளிவிட்டுத் திரும்பும் டவுன் பஸ்ஸில் கோழிகளுக்கே இடம் இருக்காது. வண்டி நிற்பதற்குள் ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பையை எறிவாய். ஒரே ஓர் இடம் கிடைத்தால் அதில் என்னை உட்காரவைப்பாய். "நீ படிக்கறவன், உக்காரு. நான் எப்படியும் பெயிலுதான், நின்னுக்கிட்டே பெயிலாவுறேன்."

பின்னாளில் ஓசூரில் ஒரே மோட்டார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸுக்கு நான் முந்தி வந்து, என் பக்கத்து இருக்கையில் உனக்காகத் துண்டு போட்டு வைப்பேன்.

ஒருநாள் துண்டு மட்டும் ஊர் வந்து சேர்ந்தது. அன்று மாலை, கழிவு இரும்பு ஏற்றிய லாரியின் அடியில் செம்புக் கம்பிச் சுருள்கள் தொழிற்சாலையை விட்டுப் போயின. மறுநாள் பிடிபட்டவன் அந்த லாரிக்குச் சுமை ஏற்றிய ஒடிசாக்காரன். அவனுக்குத் தெரிந்த தமிழ் 'சாப்பாடு', 'லீவு'. இரண்டையும் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் நிரபராதி ஆக முடியாது.

உன் பெயரும் அடிபட்டது. ஆனால் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் நீ கூடவே வந்ததாகச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஏறியதும் இருக்கையில் துண்டைப் பார்த்தார்கள், வண்டி கிளம்பியதும் தூங்கிவிட்டார்கள். நம் பஸ்ஸில் துண்டு இருந்தால் ஆள் இருப்பதாகத்தான் பொருள். பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவன் நான் ஒருவன்தான். "நாளைக்குக் காலையில வந்து வாக்குமூலம் குடுங்க" என்றார் உதவி ஆய்வாளர்.

அன்று சாயங்காலம் நீ என் வீட்டுக்கு வந்தாய். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாய்.

"துண்டு போட்டல்ல?"

"போட்டேன்."

"அது போதும்டா. நான் வந்தேன்னு சொல்லிடு."

"அந்த ஒடிசாக்காரன்?"

"அவன ரெண்டு நாள்ல விட்டுருவாங்க."

அவனை விடப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. காலையில் என்ன சொல்லப்போகிறேன் என்பதும் தெரிந்தது. நான் பேசவில்லை. என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போனாய்.

காலையில் காவல் நிலையத்தில், "துண்டுதான் வந்தது, ஆள் வரவில்லை" என்று சொன்னேன். மத்தியானம் ஒடிசாக்காரன் வெளியே வந்தான். நீ உள்ளே போனாய். நிர்வாகம் என் நேர்மையைப் பாராட்டி ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தது. அது இரண்டே மாதம் ஓடியது.

தண்டனை முடிந்து வந்த நீ, கிருஷ்ணகிரி டீக்கடையில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று எதிர்பார்த்தேன். திருப்பியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "ரெண்டு டீ" என்றாய் கடைக்காரரிடம்.

"நீ சொன்னது தப்பில்லடா. அந்தப் பையன் பாவம்" என்றாய். "ஆனா அன்னிக்கு வீட்டுல வெச்சே, 'நான் உண்மையத்தான் சொல்லப் போறேன்'னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிருக்கலாம்ல? நானே போயி ஒத்துக்கிட்டிருப்பேன்."

"போயிருப்பியா?"

டீயில் ஆடை படிந்துவிட்டது.

"எனக்கே தெரியலடா. தெரிஞ்சிக்க ஒரு ராத்திரி குடுத்திருக்கலாம் நீ."

அடுத்த மாங்காய் சீசனுக்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டாய்.

காவல் நிலையத்தில் நான் சொன்னது சரிதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதற்கு முந்தைய சாயங்காலம்தான் என்னை விடுவதில்லை. நீ காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாய், நான் வாயைத் திறக்கப் போகிறேன், நீயே எழுந்து காவல் நிலையத்துக்குப் போகப் போகிறாய். தினமும் அதுவரைக்கும் வருகிறேன். அதற்குள் நீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வரேன்டா" என்று எழுந்துவிடுகிறாய்.